சொத்தைக் கத்தரிக்காய்

ஹேமாவதி யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போனதில்லை. கம்பம் ஊரில் எங்கள் தெருவுக்கு அவள் குடிவந்த அன்று, பால் காய்ச்சிய பாத்திரம் ஆறுவதற்குள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. குடிவந்த அன்றைக்கே கறிவேப்பிலை ஏது என்று கேட்டேன். பழைய வீட்டுச் செடியில் கிளம்பும்போது ஒடித்துக்கொண்டு வந்தாளாம், புது இடத்தில் யாரையாவது பார்க்கப் போனால் வேண்டுமே என்று. அப்படி ஒரு பிறவி.

நல்ல பழக்கம்தான். சீக்காளியைப் பார்க்கப் போனால் ரொட்டியாவது ஆரஞ்சாவது வாங்கிக்கொண்டு போ என்று சொல்லித்தான் நம்மையெல்லாம் வளர்த்திருக்கிறார்கள். ஆனால் நல்ல பழக்கமும் ஓர் ஆளைக் குப்புறத் தள்ளும் என்பதை அடுத்த வீட்டிலிருந்து நான் பார்த்தேன். நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள். பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மீதியைச் சொன்னாள். "எழுதுறதுன்னா எழுதிக்கங்க. எம்பேரையும் போடுங்க," என்றாள். போட்டுவிட்டேன்.

அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டகை போடுகிற அளவுக்கு இடம் உண்டு. அதில் கத்தரி, தக்காளி, ஓர் அவரைப் பந்தல், ஓரமாகப் புதினாவும் மல்லியும். கணவர் பாண்டீஸ்வரன் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறார். கடையில் நாள் முழுக்க வாயைத் திறக்காத மனிதர். சாயங்காலம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோஸ் பைப்பைக் கையில் எடுத்தால் செடியோடும் பேசுவார், பெண்டாட்டியோடும் பேசுவார். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தபிறகு அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது கொல்லைப்புறத்தில்தான். மதிலுக்கு இந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டே நான் கேட்டிருக்கிறேன்.

"இந்தப் பூவு நிக்காதுடி."

"நிக்கும். நீங்க கண்ணு வைக்காம இருங்க."

இதற்கு மேல் குடும்பத்தில் என்ன சந்தோஷம் வேண்டியிருக்கிறது? எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

செடிக்கு எந்த மருந்தும் அடிக்க மாட்டாள். திராட்சைப் பந்தலுக்கு அடிக்கிற மருந்து காற்றில் கலந்து தெருவரைக்கும் வருகிற ஊரில், வேப்பெண்ணெயையும் பூண்டுக் கரைசலையும் வைத்துக்கொண்டு பூச்சியோடு மல்லுக்கட்டுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "மனசிருந்தாப் போதும், மருந்து எதுக்கு?" என்று எங்களிடம் சொல்லாத நாள் கிடையாது. பறிப்பதை ஊருக்கே கொடுத்ததால் நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. காய் வாங்கித் தின்கிற வாய் எதிர்த்துப் பேசுமா?

வியாழக்கிழமைதோறும் அவளும் இன்னும் சில பெண்களும் கஞ்சியும் துவையலும் செய்து அரசு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவார்கள். நோயாளிக்குத் துணையாக வந்து கிடக்கிறவர்களுக்கு. படுத்திருப்பவரை எல்லோரும் கேட்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைச் சாப்பிட்டாயா என்று யார் கேட்கிறார்கள்? அங்கேதான் மதலேனாள் பழக்கமானாள். ராயப்பன்பட்டிக்காரி, கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், ஹேமாவதியைவிட மூத்தவள். கஞ்சி ஊற்றும்போதே, "இன்னுங்கொஞ்சம் வாங்கிக்கய்யா, நீ விழுந்துட்டா ஒன்னைய யாரு பாக்குறது?" என்று அதட்டுவாள். ஹேமாவதி அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, கூடப்பிறந்தவள் இல்லாத குறையே தீர்ந்துபோயிற்று. பொங்கல் அங்கே போகும், கிறிஸ்மஸ் கேக் இங்கே வரும்.

போன வருஷம் மதலேனாளின் கணவர் பங்கிராஸுக்கு வயிற்றில் கட்டி என்று மதுரையில் ஆபரேஷன் நடந்தது. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு காலமெல்லாம் திராட்சைக்கு மருந்தடித்த மனிதர். டாக்டர் அதனால்தான் என்று சொல்லவில்லை. மதலேனாளே முடிவுகட்டிவிட்டாள். "மருந்துதேன் இவுகளத் தின்னுருச்சு. இனிமே மருந்து பட்ட காயி இந்த வீட்டு அடுப்புல ஏறாது."

அவளுடைய தம்பி ஆரோக்கிய பிரபு ஊரில் விவசாயம் பார்க்கிறான். மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார் என்று ஒரு பை கத்தரிக்காயோடு பார்க்க வந்தான். அவனை வாசலிலேயே நிறுத்தி, "அங்கன அடிச்சது பத்தாதுன்னு இங்கனயும் கொண்டாந்துட்டியாக்கும்," என்று பையோடு திருப்பி அனுப்பிவிட்டாள் மதலேனாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை. ஹேமாவதிக்கு இதெல்லாம் அக்கா வாயால் கேட்டதுதான். தம்பியை அவள் பார்த்ததே இல்லை.

ஆக, பங்கிராஸின் தட்டுக்குக் காய் போனது ஹேமாவதியின் கொல்லைப்புறத்திலிருந்து. வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் ஒயர்க்கூடையோடு நேரே அந்த வீட்டுக்குத்தான் போவாள். மெலிந்துபோன கையைத் தூக்கி, "ஒங் கை நல்லாருக்கணும் தாயி," என்பார் பங்கிராஸ்.

அந்தக் கைக்குத்தான் ஐப்பசியில் சோதனை வந்தது. மழை விட்டதும் கத்தரிச் செடி முழுக்க மாவுப்பூச்சி. இலைக்கடியில் வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடந்தது. வேப்பெண்ணெய்க்கும் மசியவில்லை, பூண்டுக்கும் மசியவில்லை. பூவெல்லாம் கொட்டிப்போய், ஒரு புதன்கிழமை சாயங்காலம் பாண்டீஸ்வரன் செடிகளை வேரோடு பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

"நாளைக்கு அவுக வீட்டுக்கு என்னத்தக் கொண்டுபோறது?" என்றாள் ஹேமாவதி.

"வாழப்பழம் வாங்கிட்டுப் போ. செடி போயிருச்சுன்னு சொல்லு."

எவ்வளவு சுளுவான வழி. அவளால்தான் முடியவில்லை. மனசிருந்தால் போதும் என்று ஊரெல்லாம் சொன்ன வாய். அதை மதலேனாள் இன்னும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். தவிர, நம்பிக் காத்திருக்கிற சீக்காளி வீட்டுக்கு ஒயர்க்கூடை இல்லாமல் போய் நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

விடியற்காலையில் உழவர் சந்தைக்குப் போனாள். எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும் கத்தரிக்காயை எடுத்தால் அக்கா கண்டுபிடித்துவிடுவாள். கடை கடையாகப் பார்த்துக்கொண்டே போனவள், ஒருவன் தட்டுக்குக் கீழே சாக்கில் கொஞ்சம் காயைத் தனியாக ஒதுக்கி வைத்திருப்பதைப் பார்த்தாள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, அங்கங்கே ஓட்டை. அசல் வீட்டுக் காய் மாதிரியே இருந்தது.

"அந்தச் சொத்தக் காயக் குடுங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஆட்டுக்குப் போடவா க்கா?"

"இல்ல... வீட்டுக்குத்தேன்."

ஏன் எதற்கு என்று கேட்காமல் அள்ளிப் போட்டான். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகவேண்டும் என்பார்கள். எங்கள் ஹேமாவதி கடைத்தெருக் கத்தரிக்காயைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தாள்.

இந்த ஒரு வாரம் மட்டும் என்றுதான் நினைத்தாள். அப்படி நினைக்காமல் யார் பொய் சொல்லியிருக்கிறார்கள்? புது நாற்று காய்க்கிறவரைக்கும் என்று அடுத்த வாரமும் போனாள், அதற்கடுத்த வாரமும் போனாள். சொத்தை கேட்கிற அக்கா என்று அவன் அடையாளம் வைத்துக்கொண்டு, அவளைக் கண்டதும் சாக்கை வெளியே இழுத்து வைப்பான். தோட்டத்தைப் பார்க்க வரட்டுமா என்று கேட்ட, ஆஸ்பத்திரிக்குக் கூட வரும் பெண்களிடம், கொல்லையில் பாம்பு நடமாட்டம் இருக்கிறது என்று இன்னொரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். பாண்டீஸ்வரனுக்கு விஷயம் தெரியும். ஹோஸ் பைப்பைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, சாயங்காலம் டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போயிற்று.

"அவுக ஒரு வாய் எடுத்து வைக்கிறப்ப நா மொகத்தத் திருப்பிக்குவேன்," என்றாள் என்னிடம். "விஷத்தக் குடுத்துட்டு வாழ்த்து வாங்குறேனேன்னு. அப்பிடி நெனச்சும் மறுவாரம் போனேன் பாருங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதலேனாள் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். போனபிறகுதான் தெரிந்தது, பங்கிராஸ் தானே போன் போட்டு மைத்துனனை வரச்சொல்லியிருக்கிறார் என்று. சர்ச்சில் பூசை முடிந்து நேரே வந்திருந்தவன், ஹேமாவதி உள்ளே நுழையும்போது மச்சானின் காலடியில் உட்கார்ந்திருந்தான். வெறுங்கையோடு வந்திருந்தான். "எந்தம்பி ஆரோக்கிய பிரபு," என்றாள் மதலேனாள். உழவர் சந்தைக்காரன்.

ஹேமாவதி நிலைப்படி தாண்டாமல் நின்றுவிட்டாள். அவனும் அவளைப் பார்த்தான்.

மதலேனாளுக்கு இதெல்லாம் தெரியாது. தம்பிமேல் இன்னும் கோபம் ஆறாதவள், அடுப்படியிலிருந்து கத்தரிக்காய்த் தட்டையே எடுத்துக்கொண்டு வந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாரு. சொத்த இருக்குல்ல? பூச்சி திங்கிற காயத்தேன் மனுசன் திங்கலாம். மருந்தில்லாம வெளைய வைக்க முடியாதும்பியே, இந்தா இவ வெளைய வைக்கிறா."

அவன் ஒரு காயை எடுத்துக் காம்பைத் திருப்பிப் பார்த்தான். அவனுக்கா தெரியாது? அந்த வியாழக்கிழமை அவனே அள்ளிப்போட்ட காய்.

"ஒங்க தோட்டத்துக் காயா க்கா?" என்று ஹேமாவதியைக் கேட்டான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் அதற்காகத்தான் கேட்டானோ என்னவோ.

"ஆமா," என்றாள் ஹேமாவதி.

அவன் காயைத் தட்டில் வைத்துவிட்டான். இலை போட்டார்கள். கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு, "நல்லாருக்கு," என்றான். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே உட்கார்ந்து அவளும் அந்தக் குழம்பைத்தான் சாப்பிட்டாள். தன் வாழ்நாளில் தின்ற சோற்றிலேயே கேவலமான சோறு அதுதான் என்றாள் என்னிடம். முகம் கழுவ எழுந்து போனது அப்போதுதான்.

அடுத்த வியாழக்கிழமை சந்தைக்குக் காய் வாங்கப் போகவில்லை, திட்டு வாங்கத்தான் போனாள். அவன் வழக்கம்போலச் சாக்கை வெளியே இழுத்தான்.

"அன்னைக்கு ஏன்யா பேசாம இருந்தீக?" என்றாள்.

அவன் காயை அள்ளிக்கொண்டே சொன்னான். "அக்கா என்னையத் திருப்பி அனுப்புனதுக்கப்புறம், கெணத்தோரம் ரெண்டு சாலு செடிக்கு மட்டும் நா மருந்தே அடிக்கல க்கா. மச்சானுக்குன்னு விட்டது. வெளஞ்சிருச்சு, கொண்டுபோய்க் குடுக்கத்தேன் தைரியம் வரல. சந்தையிலயும் சொத்தன்னு எவனும் சீந்தல. நீங்க ஒராளுதேன் கேட்டு வாங்குனீக. எங்க போவுதுன்னு ஞாயித்துக்கெழமதேன் தெரிஞ்சது."

ஹேமாவதி குனிந்து சாக்கிலிருந்த ஒரு காயை எடுத்தாள்.

"ஒங்க பேருலயே போவட்டும் க்கா," என்றான். "எம்பேருல போனா வாசலோட நின்னுரும்."

அவன் நாலு பேர் பார்க்கத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றாள். அந்த ஒரு சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. பங்கிராஸின் வாழ்த்தைத் திருடினோம் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். ஒரு தம்பி தன் அக்கா வீட்டுக்கென்று வளர்த்ததையும் தன் பேரில் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. கூடையோடு நேரே மதலேனாள் வீட்டுக்குப் போய், அடுப்படித் தரையில் காயைக் கொட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். மாவுப்பூச்சி, சந்தை, பாம்பு, ஞாயிற்றுக்கிழமை சொன்ன "ஆமா", கிணற்றோரத்து இரண்டு சால். சொல்லி முடித்ததும் மதலேனாள் ஒரு காயை எடுத்துக் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவுகளுக்குன்னேயா விட்டான்?"

"ஆமா க்கா."

"அவன நா வாசல்லயே நிப்பாட்டுனேனே," என்று சொல்லி மதலேனாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள். "ஏலே, சந்த முடிஞ்சதும் இங்கன வந்து சாப்புட்டுப் போ," என்று மட்டும் சொன்னாள். உள்ளறையிலிருந்து பங்கிராஸ் யாரு யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

போனை வைத்துவிட்டு ஹேமாவதியைப் பார்த்தாள். கோபம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"காயி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா என்ன செஞ்சிருப்பேன்? காய்க்காகவா ஒன்னைய வியாழக்கெழமக்கி வியாழக்கெழம எதிர்பாத்து ஒக்காந்திருந்தேன்?"

ஹேமாவதி தரையில் சிதறிக் கிடந்த காயை ஒன்றாகச் சேர்க்க ஆரம்பித்தாள்.

"அடுத்த வாரம் வா. வெறுங்கையோட வா."

அந்த வாரம் பாண்டீஸ்வரன் ஹோஸ் பைப்பை ஆணியிலிருந்து எடுத்தார். புது நாற்றில் முதல் பூ விட்டிருந்தது, நிற்குமா நிற்காதா என்று அவர்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தபின் ஹேமாவதி வீட்டைப் பூட்டிக்கொண்டு மதலேனாள் வீட்டுக்குக் கிளம்பியதையும் பார்த்தேன். வாசலில் நின்றாள், உள்ளே போகப் பார்த்தாள், மறுபடியும் நின்றாள். என் வீட்டுக் கொய்யாவில் இரண்டு பறித்துத் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி தெருவில் நடந்து போனாள்.