வரையாமல் விட்ட அம்புக்குறி

காலைக் காப்பி ஆறிக்கொண்டிருந்தபோது கல்லூரிச் சிப்பந்தி கேசவன் வாசலில் வந்து நின்றான். "நம்முடெ சாமி போயி, சாரே" என்றான். எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை. விலங்கியல் துறையில் எங்களுக்கு ஒரே சாமிதான், கரமனை சிவராமய்யர். அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. அவரும் நானும் மட்டும் அறிந்த ஒன்றை இனி நான் ஒருவனே சுமக்க வேண்டும் என்ற அலுப்பு.

அவரை அறிந்த உங்களில் பலர், "நல்ல மனுஷர், ஆனால் எதையும் முடிக்கமாட்டார்" என்று சொல்வீர்கள். அவர் காதுபடவே சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அந்தத் துறையில் படம் வரைபவன், நாகர்கோவில் பக்கத்து வேதக்காரன், கிறிஸ்தவன். அவர் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர். வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதர். ஆனால் வாரம் இருமுறை சாலைக் கடைத்தெருவுக்குப் போய் புழு எடுக்க ஆட்டுக்குடலும் இரைப்பையும் ஓலைக்கூடையில் வாங்கி வருவார். மாலையில் கரமனை ஆற்றில் முழுக்குப் போட்ட பிறகே வீட்டுக்குள் நுழைவார். தெருக்காரர்கள் முணுமுணுத்ததை ஒருநாள் நானே அவரிடம் சொன்னேன். "புழுவைத் தொட்டா தீட்டு இல்லை ஓய். புழுவைப் பத்திப் பொய் எழுதினாத்தான் தீட்டு" என்றார்.

அவர் தேடியது ஒரு தட்டைப்புழுவின் வழியை. மழை விட்டதும் ஏழைகளின் ஆடுகள் கழிந்து கழிந்தே சாகும். அறுத்துப் பார்த்தால் சிறுகுடல் முழுக்க அரிசிமணி போலக் குட்டிப் புழுக்கள் கவ்விக்கொண்டிருக்கும். தப்பிய ஆட்டில் அவை மேலேறி இரைப்பையில் குடியேறி முட்டையிடும். முட்டை சாணத்தோடு தண்ணீரில் விழும். பொரிந்து வரும் குஞ்சு ஒரு நத்தைக்குள் புகுந்து பலவாகப் பெருகி, வால் முளைத்து வெளியே வரும். பிறகு வாலை உதறிவிட்டுக் கரையோரப் புல்லில் கூடு கட்டிக் காத்திருக்கும், அடுத்த ஆடு வந்து மேயும் வரை. இதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்த நத்தை என்பதுதான் தெரியாது. அது தெரிந்தால் எந்தக் குளத்தங்கரையில் ஆட்டை விடக்கூடாது என்று சொல்லிவிடலாம்.

அதற்காக நத்தைகளை முட்டையிலிருந்தே வளர்த்தார். ஆற்று நத்தைக்குள் ஏற்கெனவே எந்தப் புழு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஜாடியில் பிறந்த நத்தை என்றால்தான் சாட்சி. இரண்டு மழைக்காலம் பாடுபட்டு நாற்பது நத்தைகளை ஆளாக்கினார். அவற்றின் ஜாடியில் புழுக்குஞ்சுகளை விட்ட மூன்றாம் நாள் அவருடைய தகப்பனார் காலமானார்.

"பதிமூணு நாள் வரமுடியாது ஓய். ஜாடியைப் பாத்துக்கும். கிணத்து ஜலம்தான் விடணும்" என்றார்.

"நான் பாத்துக்கிடுதேன் சாமி" என்றேன்.

அப்போது கல்லூரிக்குக் குழாய்த் தண்ணீர் புதிது, குளோரின் மருந்து கலந்து வரும். கிணறு எட்டியிருந்தது, எனக்கு முதுகுவலி. ஒருநாள்தானே என்று குழாயைத் திறந்தேன். மறுநாள் காலை நாற்பதும் அடியில் செத்துக் கிடந்தன.

அன்றே கரமனைக்குப் போனேன். படித்துறைக்குச் சற்றுக் கீழே அதே சாதி நத்தைகளைப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டு நிமிர்ந்தால், நனைந்த வேட்டியோடு சாமி எதிரே நிற்கிறார். காரியம் முடித்துக் கரையேறியிருந்தார்.

"வந்தீரா ஓய்" என்றார். கண் கலங்கிவிட்டார். பிறகு, "நத்தைகள் சௌக்யமா?" என்றார்.

"சௌக்கியம் சாமி." துண்டு என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆறு வாரம் கழித்து அந்த நத்தைகளிலிருந்து வால்புழுக்கள் வந்தன. சாமி சின்னப்பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் லென்ஸில் காட்டினார். கட்டுரை எழுதினார். லெக்சரர் பதவி அதை நம்பி இருந்தது. வட்டமாக வாழ்க்கைச் சுற்றுப் படத்தை என்னை வரையச் சொன்னார். எல்லாம் வரைந்தேன். குஞ்சிலிருந்து நத்தைக்குப் போகும் அம்புக்குறியை மட்டும் கை வரையவில்லை. தபாலில் சேர்க்க வேண்டிய காலையில் அவரிடம் போய் நின்றேன்.

"அது நீங்க வளத்த நத்த இல்ல சாமி. எல்லாம் செத்துப்போச்சு. ஆத்துல பிடிச்சுப் போட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. படத்தைப் பார்த்தபடி, "அப்போ அன்னிக்குப் படித்துறைக்கு வந்தது அதுக்குத்தானா ஓய்?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா சாமி" என்றேன்.

புரொபசரிடம், "நத்தை வளர்த்ததில் என் கவனக்குறைவு" என்று சொல்லி, கையெழுத்துக்குக் கொடுத்திருந்த கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவர் மறுபடி முட்டையிலிருந்து தொடங்கினார். அது முடியுமுன் வேறு ஊர்க்காரர் ஒருவர் அதே சுற்றை எழுதி வெளியிட்டுவிட்டார். சாமி அதை எனக்கு வாசித்துக் காட்டினார். நத்தை அதே நத்தைதான். "நன்னா பண்ணியிருக்கான், ஜாடி சுத்தம்" என்றார். என் பெயரைக் கடைசி வரை யாரிடமும் எடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அதற்கு நான் வெட்கப்படுகிறேன்.

எதையும் முடிக்காதவர் என்று இனி அவரைச் சொல்லாதீர்கள். முடிந்ததைக் கெடுத்தவன் நான்.

அம்புக்குறி இல்லாத அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியும் இருக்கிறது. கேசவன் வந்து சொன்ன அன்றே கரமனைக்குப் போனேன். ஈரப் படிகளில் நத்தைகள் அப்பிக்கொண்டிருந்தன. சாமியின் மூத்த மகன் நனைந்த வேட்டியோடு கரையேறி, "வந்தேளா" என்றான்.

"துக்கம் கேக்கத்தான் வந்தேன், தம்பி" என்றேன். கை இரண்டும் வெறுமையாக இருந்தன.