பெரிய லீக்

மகளின் பல்கலைக்கழகம் பெரிய லீக்குக்கு மாறுகிறது என்று செய்தி வந்த கிழமை நாங்கள் கோயிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தோம். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பூசை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் வீட்டில் சுருட்டிப் பொரித்த றோல்ஸ் கொடுத்தோம். என் கணவர் வந்தவர் போனவர் கையையெல்லாம் பிடித்து, பிள்ளை இனி ரிவியில் விளையாடப் போகிறாள் என்று சொன்னார். எங்கள் ஆட்களுக்குப் பெரியது என்றால் நல்லது. பெரிய வீடு, பெரிய பள்ளிக்கூடம், பெரிய லீக். ஏன் மாறுகிறார்கள், யாருக்கு லாபம் என்று அந்த வாசலில் ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மகள் கரப்பந்து விளையாடுகிறவள். மில்லிக்கன் என்கிற எங்கள் ஊரில், வீட்டுக் கராஜ் கதவில் பந்தை அடித்து அடித்தே வளர்ந்தாள். கதவின் பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன, திருத்த எனக்கு மனமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் புலமைப்பரிசில் கொடுத்து அவளை எடுத்தது. பாலத்தைக் கடந்து மூன்று மணித்தியாலக் கார் ஓட்டம். அவர்கள் இருந்த பழைய லீக் என்பது ஏரிகளைச் சுற்றியிருந்த பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் விளையாட வைத்திருந்த ஏற்பாடு. எந்த ஊரில் விளையாட்டு என்றாலும் விடியப் புறப்பட்டால் படுக்க முதல் வீட்டுக்கு வந்துவிடலாம். விளையாட்டும் பெரும்பாலும் சனிக்கிழமையில்தான்.

அந்தச் சனிக்கிழமைதான் எங்களுக்கு எல்லாமாக இருந்தது. மகள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது இவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி பின்னேரங்களில் டயலிசிஸ். ஒரு கையில் இரண்டு ஊசி ஏற்றி, நாலு மணித்தியாலம் அசையாமல் கதிரையில் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை மெஷினில் இருந்து இறங்கும்போது கசக்கிப்போட்ட துணி மாதிரி இருப்பார். சனி விடிய நான் எழும்ப முதலே குளித்து வெளிக்கிட்டு, கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு நிற்பார். மூன்று நாள் மெஷினுக்கு, ஒரு நாள் மகளுக்கு என்று சொல்லுவார்.

றோல்ஸ் இல்லாமல் நாங்கள் ஒரு விளையாட்டுக்கும் போனதில்லை. முதல்தரம் ஆட்டிறைச்சி றோல்ஸ் கொண்டுபோக, எல்லை அதிகாரி அவ்வளவையும் எடுத்துக் குப்பையில் கொட்டினான். எனக்கு வந்த கோபத்துக்கு இவர் என் கையைப் பிடித்திருக்காவிட்டால் மகளுக்குப் பதிலாக நான்தான் செய்தியில் வந்திருப்பேன். அதற்குப் பிறகு மரக்கறி றோல்ஸ். எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கு மட்டுமல்ல, எதிர்ப்பக்கத்துப் பெற்றோருக்கும் கொடுப்போம். சாப்பாட்டில் என்ன எதிரி? அப்படித்தான் இவருக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார். எதிரணிப் பிள்ளை ஒருத்தியின் தகப்பன், சோளம் போடுகிற கமக்காரர், வெயிலில் சிவந்த முகம். இவர் பேசுகிற இங்கிலீசு அவருக்கு விளங்காது, அவர் மூக்கால் பேசுகிற இங்கிலீசு இவருக்கு விளங்காது. நடுவரைத் திட்டுவதில் மட்டும் இரண்டுபேருக்கும் ஒரே மொழி. வருஷத்தில் இரண்டுமுறை சந்திப்பார்கள். மனுசன் இவருக்கென்று சோளப்பொத்தி ஒரு பை நிறையக் கொண்டுவருவார். டயலிசிஸ்காரர் அதை அளவோடுதான் சாப்பிடலாம் என்று நான் சொன்னதை இருவருமே காதில் போடவில்லை.

லீக் மாறினது அமெரிக்கன் ஃபுட்போலுக்காக. பெரிய லீக்கில் சேர்ந்தால் ரிவிக்காரர் கொட்டிக் கொடுப்பார்களாம். கொடுக்கட்டும். கரப்பந்துப் பிள்ளைகளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபுட்போல் எங்கே போகிறதோ அங்கே மற்றப் பிள்ளைகளும் இழுபட்டுப் போகவேண்டியதுதான். புது அட்டவணையை மகள் அனுப்ப, அதைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டிவிட்டு இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வெளியூர் விளையாட்டெல்லாம் பசிபிக் கரையில். சொந்த ஊர் விளையாட்டு ஒன்றைத் தவிர எல்லாம் புதன், வெள்ளி பின்னேரங்களில், ஏனென்றால் சனிக்கிழமை ஃபுட்போலுக்கு. கையால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு போனவர், கடைசியில் ஃபோனில் மகளிடம் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அந்தச் சோளக்காரரின்ர ஆக்களோட இனி விளையாட்டு இல்லையோ?"

"நோ அப்பா. அவை இப்ப வேற லீக்."

இவர் கண்ணாடியைக் கழற்றிச் சேட் நுனியில் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடியைக் கனநேரம் துடைத்தார்.

அது மகளின் கடைசி வருஷம். தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை டயலிசிஸுக்குப் போகாமல், என்னையும் பேய்க்காட்டிவிட்டுத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு விளையாட்டுப் பார்க்கப் போனார். ஞாயிற்றுக்கிழமை மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரி. நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டிவிட்டது. இனி ஒருமுறை தவறவிட்டால் தாங்கமாட்டார் என்று வைத்தியர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அதற்குப் பிறகு மெஷின் கதிரையில் இருந்து ஃபோனில் பார்ப்பதோடு சரி. ஊசி ஏற்றின கையை அசைக்கக்கூடாது, அதனால் கைதட்ட முடியாது. மகள் புள்ளி எடுத்தால் காலால் கதிரையின் அடிப்பலகையைத் தட்டுவார். தாதிமார் முதலில் பயந்து ஓடிவந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

மகளும் வாடிப்போனாள். பிளேனில் படித்து, பிளேனில் நித்திரைகொண்டு, இறங்கின இடத்தில் விளையாடினாள். ஃபோன் எடுத்தால் கொட்டாவியோடு, அம்மா நாளைக்குக் கதைக்கிறேன் என்பாள். பெரிய லீக் எனக்குத் தந்தது அந்தக் கொட்டாவியைத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக இவர் காத்திருந்தது ஒரு நாளுக்கு. கடைசி வருஷப் பிள்ளைகளின் கடைசி உள்ளூர் விளையாட்டுக்கு முதல், ஒவ்வொரு பிள்ளையும் தாய் தகப்பனுக்கு நடுவில் அரங்கின் குறுக்கே நடந்துவரும். பெயர் சொல்லிப் பூங்கொத்துக் கொடுப்பார்கள். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் நடந்ததை வருஷா வருஷம் பார்த்துவிட்டு, தன் முறை எப்போது என்று இருந்தார். மகள் அவருக்கென்று அணியின் ஊதா நிறத்தில் ஒரு சேட் செய்வித்து, முதுகில் தமிழில் 'அப்பா' என்று அச்சடித்து அனுப்பினாள். அதற்குப் பொருத்தமாக எனக்குச் சேலை எடுக்கவேண்டுமென்று இவரே கடை கடையாக ஏறி இறங்கினார். அட்டவணையில் அந்த ஒரு விளையாட்டு மட்டும் சனிக்கிழமை என்று இருந்தது. இரண்டு கிழமைக்கு முதல் ரிவிக்காரர் அதையும் வெள்ளி பின்னேரத்துக்கு மாற்றினார்கள்.

டயலிசிஸ் நிலையத்தில் கெஞ்சிப் பார்த்தேன். வேறு நாளில் ஒரு கதிரையும் காலியில்லை. அவர்களில் பிழை இல்லை, அங்கே இருக்கிற எல்லோருக்கும் அது உயிர்தானே. நானும் போகவில்லை என்றேன். இவர் விடவில்லை.

"நீர் போம். பிள்ளை நடுவில தனிய நடக்கேலாது. நான் ஃபோனில பாப்பன்."

முன்வீட்டு அண்ணை இவரைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்ல, அமெரிக்க நெடுஞ்சாலையில் நான் முதன்முதலாகத் தனியே ஓட்டினேன். வழி முழுக்க ரிவிக்காரரைத் திட்டிக்கொண்டே போனதில் பயம் தெரியவில்லை. அரங்கத்துக் குளியலறையில் சேலையைக் கையில் எடுத்தவள், எடுத்தபடியே நின்றேன். பிறகு அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, சொல்லாமல் கொண்டுவந்திருந்த இவருடைய ஊதாச் சேட்டை எடுத்துப் போட்டேன். முழங்கால்வரை வந்தது. கண்ணாடியில் பார்க்கக் கோமாளிதான். மகள் என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பெயர் சொன்னார்கள், நடந்தோம். அரங்கின் நடுவில் வந்ததும், பெரிய கமெரா இருந்த பக்கத்துக்கு நான் முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். மகளும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே இருந்தவர்களுக்கு அந்த எழுத்து விளங்காது, ஆனாலும் கைதட்டினார்கள். இவருக்கு விளங்கும். இப்போது காலால் தட்டுகிறார், தாதிமார் சிரிக்கிறார்கள் என்று எனக்குள் பார்த்துக்கொண்டேன். அந்த வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரந்தான்.

விளையாட்டில் தோற்றார்கள். காருக்குள் ஏறியிருந்து இவருக்கு ஃபோன் எடுத்தேன். பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"ஓம், முழுக்கப் பாத்தன். ரெண்டுபேரும் வடிவா நடந்தனீங்கள். உமக்கு அந்தச் சேலை நல்ல எடுப்பா இருந்துது."

நான் போட்டிருந்த ஊதாச் சேட்டைக் குனிந்து பார்த்தேன். லைன் வெட்டிப்போச்சோ என்று கேட்டார். இல்லை, இருக்கிறேன் என்றேன். சேலையை நீங்கள்தானே தெரிந்து எடுத்தது என்றேன். அவர் சிரித்தார். பிறகு ஒருநாள் அவர் நித்திரையாக இருக்கும்போது ஃபோனில் அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் நடக்கத் தொடங்குகிற இடத்தில் விளம்பரம். மலையில் ஏறுகிற ஒரு பெரிய டிரக். அது முடிய, விளையாட்டுத் தொடங்கிவிட்டது. பழைய லீக்கில் ஒரு மாணவன் கமெராவைத் தடியில் கட்டிவிட்டு, முழுவதையும் வெட்டாமல் காட்டுவான். பந்து பாதி தெரியாது. ஆனால் எங்கள் பிள்ளை எங்கே நின்றாலும் தெரியும்.

சேட்டை அவர் காணாமல் தோய்த்து மடித்து அலுமாரியின் அடியில் வைத்தேன். கண்டால் நான் அதைப் போட்டு நடந்தது விளங்கி, தான் சொன்ன பொய் பிடிபட்டுவிட்டது என்று தெரிந்துவிடும். அவருடைய இருதயம் அடுத்த பங்குனியில் நின்றது. அதுவரைக்கும் நாங்கள் இருவரும் அந்தச் சேலையைப் பற்றிப் பலமுறை கதைத்தோம்.

பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தபோது மகள் அந்தச் சேட்டை என்னிடம் வாங்கி, எழுத்துத் தெரியத்தக்கதாக அவர் நெஞ்சின்மேல் விரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் இதோட திரும்பி நிண்டதை அப்பா கண்டவரோ?"

"ஓம்," என்றேன். "வடிவாக் கண்டவர்."