ஏழாம் எண் கேமராவின் சாய்வு

கேமரா எண்: ஏழு. இடம்: சரக்குக் கிடங்கின் வெளிவாயில், தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரம். பொருத்திய நாள்: 2023 ஜூன் 14, புதன்கிழமை. பொருத்தியவர்: பல்கலைக்கழகப் படிம ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளர், வயது நாற்பத்தொன்று. 'கேமராவின் நிலை' என்ற கட்டத்தில் 'நேர்' என்பதற்கு எதிரே சரிக்குறி. கீழே அவருடைய கையெழுத்து.

ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஏணி இருக்கும் இடத்தில் அவர் இருப்பார், ஆகவே ஏணியக்கா. இருபது வயதில் கடைகளுக்குக் கேமரா மாட்டும் வேலைக்கு வந்தவர், முப்பத்திரண்டில் இங்கே சேர்ந்தார். தாய் இல்லாத வீட்டில், தன்னைவிட ஏழு வயது சிறிய தம்பியைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவரும் அவர்தான். தம்பி இப்போது லாரி ஓட்டுகிறான்.

நவம்பர் 9, வியாழக்கிழமை காலை அந்த லாரி ஏழாம் எண் கேமராவைக் கடந்து, அடுத்த சந்திப்பில் பிரேக் போட்டது. அடுக்கியிருந்த பெட்டிகள் கேபினுக்கு மேலாக முன்னே சரிந்தன. சைக்கிளில் வந்த ஒருவருக்குக் கால் முறிந்தது. பெட்டிகள் வாயிலிலேயே முன்பக்கம் சாய்ந்திருந்தால் பழி சுமை கட்டியவர் மீது. நேராக இருந்திருந்தால், தம்பி வேகமாக வந்து பிரேக்கை அழுத்தியிருக்கிறான் என்று பொருள். அவனுடைய உரிமம் போய்விடும். கிடங்கு நிர்வாகம் படத்தை அளந்து சொல்லும்படி ஆய்வகத்திடம் கேட்டது.

ஓட்டுநர் தன் தம்பி என்பதை ஏணியக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"அப்ப இந்தக் கணக்குப் பக்கமே வராதீங்கக்கா. நானே பாத்துக்கறேன்" என்றான் ஆய்வு மாணவன்.

நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. நான்கு மணிக்கு அறிக்கை போகவேண்டும். மூன்றுக்கு மாணவன் நாற்காலியோடு உருண்டு வந்தான்.

"முடிஞ்சுதுக்கா. படத்துல சாய்வு மூணு புள்ளி ரெண்டு பாகை. திருத்தின பிறகு ஆறு புள்ளி ஒண்ணு. முன்பக்கமா."

திருத்தம் என்னவென்று ஏணியக்காவுக்குத் தெரியும். இந்தவகைக் கேமரா ஒரு படத்தை ஒரே கணத்தில் பிடிப்பதில்லை. மேல்வரியில் தொடங்கி, வரிவரியாகக் கீழே இறங்குகிறது. கடைசி வரிக்கு வருவதற்குள் ஓடும் வண்டி ஒரு சாணாவது நகர்ந்திருக்கும்; நேராக நிற்பதும் பின்பக்கம் சாய்ந்ததுபோல் பதியும். அந்தப் பொய்ச்சாய்வைக் கணக்கிட்டு, அந்த அளவை முன்பக்கச் சாய்வோடு கூட்டி ஈடுகட்டுவதுதான் மாணவனின் நிரல்.

கைப்பேசி அதிர்ந்தது. தம்பி.

"அக்கா, கணக்கு வந்துடுச்சா?"

"கையெழுத்து ஆகாம எதுவும் சொல்லக் கூடாதுடா."

"உன் குரலே சொல்லுதே! இனிமே அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் உன் கேமராவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போவேன்."

"அன்னிக்கு எவ்ளோ வேகத்துல வந்தே?"

சிரிப்பு நின்றது. "எல்லாரும் வர்ற வேகந்தான்."

அழைப்பைத் துண்டித்தபோது ஏணியக்காவின் பார்வை மாணவனின் திரையில் இருந்தது. அவன் பெட்டிகளை மட்டும் வெட்டி எடுத்து அளந்திருந்தான். பின்னால், வெட்டப்படாத முழுப்படம் திறந்திருந்தது. அதில் கேபினின் கதவு விளிம்பும் பெட்டிகளோடு சேர்ந்து ஏறத்தாழ அதே அளவு முன்னே சாய்ந்திருந்தது.

இரும்புக் கதவு எப்படிச் சாயும்?

அடுத்த கணம் ஜூன் மாத மழை நினைவுக்கு வந்தது. அந்தக் கேமராவுக்குக் கம்பி நுழையும் துளை மேற்பக்கம். தண்ணீர் இறங்கிவிடும் என்று, ஏணியின் உச்சியில் நனைந்தபடி அவர் கேமராவையே தலைகீழாகத் திருகி மாட்டினார். பிறகு கணினியில் கேமராவின் அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் படத்தை நிமிர்த்தினார். கடைகளில் நூறு முறை செய்தது. திரையில் படம் நேராக நின்றதால் படிவத்தில் 'நேர்' என்று குறித்தார். படம்தான் நிமிர்ந்தது, கேமரா இன்னும் தன் மேல்வரியிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த மேல்வரி தரைப்பக்கம் இருக்கிறது. ஆகவே பொய்ச்சாய்வு முன்பக்கமாக விழுந்திருக்கிறது. நிரல் அதை அறியாமல், கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறது.

இது வேறு யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை கண்ணாடி துடைக்கப் போகும்போது திருப்பி மாட்டிவிட்டால் தெரியவும் தெரியாது. ஐந்து நிமிட வேலை.

மூன்று பத்து. தண்ணீர் பிடிப்பதுபோல வெளியே வந்தார். நடைவழி நாற்காலியில், அந்த லாரிக்குச் சுமை கட்டியவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருக்கு இவர் யார் என்று தெரியவில்லை.

"உள்ள வேலை பாக்கறீங்களாம்மா? எப்ப சொல்லுவாங்க?"

"நாலு மணிக்கு."

"என் முடிச்சு அவுரலைம்மா. கயிறு அறுந்துச்சு. அவுந்ததுக்கும் அறுந்ததுக்கும் கேமராவுல வித்தியாசம் தெரியுமா?"

ஏணியக்காவின் கையில் இருந்த குவளை நிரம்பி வழிந்தது. குழாயை மூடினார். உள்ளே போனார்.

மாணவன் அறிக்கையை அச்சுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்து. ஏழாம் நம்பர் தலைகீழா இருக்கு."

"படம் நேராத்தானேக்கா இருக்கு?"

"படம் நேரா இருக்கு. கேமரா தலைகீழா இருக்கு. அமைப்பைத் திறந்து பாரு."

திறந்தான். 'படத்தைத் திருப்பு' என்ற வரியில் 'ஆம்' என்றிருந்தது. தேதி ஜூன் 14.

"படிவத்துல நேர்னு போட்டிருக்கே. உங்க கையெழுத்துக்கா."

"என் கையெழுத்துதான். என் தப்புதான்."

மாணவன் கதவைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இதை மாத்தினா என்ன ஆகும்னு தெரியும்ல? உங்க தம்பியோட உரிமம்க்கா..."

"தெரியும். கூட்டினதைக் கழி. நான் ஏணி ஏறினது கணக்குல தப்பு வர்றதுக்கில்லை."

அவன் நிரலில் ஒரு குறியை மாற்றினான். திரையில் காத்திருப்புச் சக்கரம் சுழன்றது. கைப்பேசி மேசைமேல் மறுபடி அதிர்ந்தது. தம்பியின் பெயர் ஒளிர்ந்து அணைந்தது. ஏணியக்கா அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜூன் மாதப் படிவத்தை எடுத்தார். 'நேர்' என்பதை ஒரே கோட்டால் அடித்து, 'தலைகீழ்' என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார்.

அறிக்கை மூன்று ஐம்பத்திரண்டுக்குப் போனது. அதன் கடைசி வரி:

வாயிலைக் கடக்கையில் சுமையின் சாய்வு: 0.3 பாகை.