நானூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்கள்

பிரவீனா டீச்சரின் போனில் சொந்தக்காரர்களின் நம்பரைவிடச் செயலிகள் அதிகம். வருகை போட ஒன்று, பரீட்சை நடத்த ஒன்று, எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்று கேட்க இன்னொன்று. ஜூஜுவாடியில் அவர் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளி மாநிலத்தின் கடைசி ஓரத்தில் இருக்கிறது. சிக்னலுக்காக மதில் பக்கம் போய்க் கையைத் தூக்கினால் 'கர்நாடகா உங்களை வரவேற்கிறது' என்று குறுஞ்செய்தி வந்து விழும். உடனே நாலாம் வகுப்பு மொத்தமும், "டீச்சர் வெளிமாநிலம் போயிட்டாங்கடோய்!" என்று கத்தும்.

இத்தனையிலும் அவருக்குப் பிடித்தது வாசிப்புச் செயலி ஒன்றுதான். பிள்ளைகள் கதையை உரக்கப் படித்தால் போன் காது கொடுத்துக் கேட்டு நட்சத்திரம் போடும். வீட்டில் அம்மா போனில் படித்தாலும் டீச்சர் போனில் கணக்கு ஏறும். முப்பத்தோரு பேரில் பார்வதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. காக்கா குரலில் படித்தால் மூன்று நட்சத்திரம், எச்.எம். சௌந்தரராஜன் சார் குரலில் இழுத்து இழுத்துப் படித்தால் ஐந்து என்று ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடித்தவள் அவள்தான். மாட்டிக்கொண்ட அன்று சௌந்தரராஜனே சிரித்துவிட்டார். பிரவீனா திட்டுவதற்காக வாயைத் திறந்து, சிரிப்பை மறைக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து பார்வதி அவருக்கு மற்ற முப்பது பேரைப் போல இல்லை.

ஜூன் கடைசியில் பார்வதியின் அம்மா இருளாயி கேட் ஓரம் வந்து நின்றாள். மதுரைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம்.

"சூளகிரில புதுக் கம்பெனி டீச்சர். அவருக்கும் எனக்கும் சேத்தே வேல குடுக்குறாக. ரெண்டே மாசந்தான், வந்துருவோம். புள்ள பேர எடுத்துறாதீக."

"நான் எதுக்குங்க எடுக்கறேன்? அவ எடம் அவளுக்குத்தான்."

வருகைச் செயலியில் ஒரு பள்ளி விடுவித்தால்தான் பிள்ளையின் பெயரை இன்னொரு பள்ளி ஏற்ற முடியும். ஒரே ஒரு பொத்தான். பிரவீனா அதைத் தொடவில்லை. பார்வதிக்கு நேரே தினமும் ஆப்சென்ட் போட்டார்.

"ஏம்மா, அந்தப் பொண்ண விடுவிச்சுரும்மா. மேல இருந்து கேக்கறாங்க" என்று மாதம் ஒருமுறை சௌந்தரராஜன் சொல்வார்.

"வந்துருவா சார். நீங்களே பாருங்க" என்று பிரவீனா வாசிப்புச் செயலியைத் திறந்து காட்டுவார். பார்வதியின் நட்சத்திரம் ஏறிக்கொண்டே இருந்தது. ஆகஸ்டில் இருநூறு. செப்டம்பரில் முந்நூறு தாண்டியது. மாவு அரைத்து முடித்ததும் அந்த எண்ணை ஒருமுறை பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வகுப்பிலும் பீற்றிக்கொண்டார்: "போன எடத்துல எப்படிப் படிக்கறா பாருங்கடா!"

"எச்செம் கொரல்ல படிக்கறா டீச்சர், ஏமாந்துராதீங்க" என்றது கடைசி பெஞ்சு.

அக்டோபரில் சூளகிரியில் ஆசிரியர் பயிற்சி வந்தது. எண் நானூற்றுப் பன்னிரண்டு. பிரவீனா கலரில் ஒரு சான்றிதழ் அச்செடுத்து, ஸ்கெட்ச் பேனா ஒரு டப்பாவும் வாங்கிக்கொண்டார். பெயர் ஏறாவிட்டாலும் அந்த ஊர்ப் பள்ளியில் சும்மாவாவது உட்காரவைத்திருப்பார்கள், பார்வதி அந்த நேரம் அங்கே இருப்பாள் என்று நினைத்தார். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துவிட்டு வந்தால் சாயங்காலம் குதிப்பாள் என்று திட்டம். டீ நேரத்தில் நழுவி, கம்பெனிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் விசாரித்துப் போனார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே சௌந்தரராஜன் சார் இழுத்து இழுத்துக் கதை படித்துக்கொண்டிருந்தார். பிரவீனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மறு நொடி, மணி பதினொன்று என்பது உறைத்தது.

மடியில் தம்பி, கையில் போன். பார்வதி துள்ளி எழுந்தாள். "டீச்சர்!"

"ஏன்டி, இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?"

"எனக்கு என்னிக்குமே இல்ல டீச்சர். பழைய ஸ்கூல்ல பேர விட்டாத்தான் இங்க ஏறுமாம். அம்மா ரெண்டு தடவ லீவு போட்டு இந்த ஊரு ஸ்கூல்ல போயிக் கேட்டுச்சு. அப்பறம் கம்பெனில லீவு குடுக்கல. உள்ள போன் கொண்டுபோகக் கூடாதுல்ல, அதான் எங்கிட்ட இருக்கு."

"எனக்கு ஒரு போன் போட்டா என்னடி?"

"ரெண்டு மாசம்னு சொல்லிட்டு வரலைல்ல, வைவீகன்னு பயந்துச்சு. 'டீச்சர் விட மனசில்லாம வெச்சிருக்காக, அவகளுக்கா தோணுறப்ப விடட்டும்'னுச்சு." அவள் தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "தெனம் படிச்சேன் டீச்சர். பாத்தீகளா?"

பார்த்தார். எண்ணுக்குக் கீழே, படித்த நேரம் பொடி எழுத்தில் இருந்தது. காலை பத்தே கால். பதினொன்றரை. மத்தியானம் இரண்டு. மூன்றரை மாதமும் அப்படித்தான். அவர் எண்ணை மட்டுமே பார்த்திருந்தார்.

அங்கேயே நின்று பொத்தானை அழுத்தினார். 'உறுதியாக விடுவிக்கலாமா?' என்று கேட்டது. ஆம்.

தம்பியையும் தூக்கிக்கொண்டு மூவருமாக அந்த ஊர்ப் பள்ளிக்குப் போனார்கள். பத்தே நிமிடத்தில் பெயர் ஏறிவிட்டது.

"நாளையிலிருந்து தம்பிய யாருடி பாத்துக்குவா?"

"தெரியலையே. அம்மா வந்தாக் கேக்கணும்." பார்வதி போனை நோண்டிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். "டீச்சர், என் நட்சத்திரம் பூரா போயிருச்சு. சைபர்னு காட்டுது."

"பள்ளிக்கூடம் மாறிடுச்சில்ல. புதுசா ஏறும்டி."

"இந்த எச்செம் கொரல் எப்பிடின்னு எனக்குத் தெரியாதே."

மறுநாள் காலை பிரவீனா வருகை போட்டார். முப்பது பெயர், முப்பது பேரும் இருந்தார்கள். 'நூறு சதவீதம்! பாராட்டுகள்!' என்று செயலி பச்சைக் கொடி ஆட்டியது. அவர் வாசிப்புச் செயலியைத் திறந்தார். பட்டியலில் பார்வதி இருந்த இடத்தில் வேறு பெயர் மேலேறியிருந்தது. சூளகிரியில் அவள் இன்று வகுப்புக்கு வந்தாளா, தம்பியோடு உட்கார்ந்திருக்கிறாளா என்று இனி இந்தப் போன் சொல்லாது.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து மதில் பக்கம் போய், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கர்நாடகா வழக்கம்போல வரவேற்றது. யாரும் கத்தவில்லை.