அருள்புரம் போய் வந்தோம்: எல்லாத் தாளிலும் ஒன்பது புள்ளி எட்டு

அன்றைக்கு அந்த வகுப்பில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான், சேவூர் பழனாத்தாள். என் மகளின் மகள் கவிதா. இயற்பியல் ஆசிரியர் தங்கராஜ். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களில் முதல் பெஞ்சு பரிதா. தலைமையாசிரியை வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை. அவரைச் சேர்க்கவில்லை.

கவிதா ஆராய்ச்சி படிக்கிறாள். செல்போனையே கருவியாக வைத்துப் பிள்ளைகள் இயற்பியல் படித்தால் என்ன ஆகிறது என்று பார்க்கிறாள். போனைக் கயிற்றில் கட்டி ஊஞ்சல் மாதிரி ஆட்டினால், பூமி இழுக்கிற அளவை அதிலேயே கண்டுபிடிக்கலாமாம். புத்தகத்தில் அது 9.8. போன் வேறு எண் காட்டினால் பிள்ளைகள் எதை நம்புகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பதுதான் அவளுடைய கடைசி அத்தியாயம். பரீட்சைக்கு முன் இந்தப் பள்ளியில் ஒரே ஒரு நாள் அனுமதி கொடுத்திருந்தார்கள். பொங்கல் முடிந்த வியாழக்கிழமை. மூட்டை தூக்க நான் போனேன்.

காலை ஏழு மணிக்குச் சேவூரில் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் எங்களைக் கண்டதும் கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. அவிநாசியில் ஒரு பஸ் மாறி, திருப்பூரில் இன்னொன்று மாறி, பல்லடம் ரோட்டில் எட்டு கிலோமீட்டர். ஷிப்டுக்குப் போகிற கூட்டத்தில் நின்றே போனோம். அருள்புரம் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு ஆட்டோ அறுபது ரூபாய்.

"மூட்டைல என்னங்கம்மா, பனியன் பீஸ் கொண்டுபோறீங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பாடமுங்க."

"அதான் இந்தக் கனம் கனக்குது!"

உள்ளே போனால் முதல் எரிச்சல். கவிதா நைலான் கயிறு கொண்டுவந்திருந்தாள். தங்கராஜ் சார் நாங்கள் வருவதற்கு முன்பே எல்லாப் போனுக்கும் பனியன் கம்பெனியில் வெட்டிப்போடும் துணி நாடாவைக் கட்டி வைத்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "நைலான் வழுக்கிரும் மேடம். பிள்ளையளோட அப்பாமாரு போனு, கீழ விழுந்தா என்ன செய்ய?" என்றார். இந்த ஊரில் கட்டிலிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை அந்த நாடாவில்தான் கட்டுகிறோம். ஆனால் பனியன் துணி இழுத்தால் நீளும். போன் ஆடுவதோடு மேலும் கீழும் குதித்தது. ஒரு குழுவுக்கு 8.4, இன்னொன்றுக்கு 7.9.

கவிதாவின் முகம் வாடும் என்று பார்த்தேன். அவள் சிரித்தாள். ஏனென்றால் வகுப்பே சண்டைக்கு நின்றது.

"சார், அருள்புரத்துல மட்டும் பூமி மெதுவா இழுக்குதுங்களா?" என்றான் ஒரு பையன்.

"உன்னைய இழுத்து இழுத்துச் சலிச்சிருக்கும்டா," என்றாள் பரிதா. பிறகு நாடாவைப் பிடித்துப் பார்த்தாள். "மேடம், சும்மா இருக்கறப்ப நீளத்த அளந்தோம். போனைத் தொங்கவிட்டா நீளுதுங்களே?"

"அம்மாயி, இதுக்குத்தான் வந்தேன்," என்று கவிதா என் காதில் சொன்னாள். வந்த எண்ணையும் தோன்றிய கேள்வியையும் தாளில் எழுதச் சொன்னாள். அதற்குள் தலைமையாசிரியை கையெழுத்துக்குக் கூப்பிட்டார். "நான் வர வரைக்கும் எதையும் மாத்தாதீங்க கண்ணுகளா," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் தலை மறைந்ததும் தங்கராஜ் சார் எழுந்தார். "எல்லாரும் அழிச்சிட்டு ஒம்போது புள்ளி எட்டுன்னு எழுதுங்க. கேள்வியையும் அழிச்சிருங்க."

"அளந்தத எழுதச் சொன்னாளுங்க சார்," என்றேன்.

"யுனிவர்சிட்டில வாசிக்கப்போற தாளு ஆச்சி. எங்க பிள்ளையளுக்கு ஒண்ணும் தெரியலன்னு அங்க பேசலாமா? நீங்க சும்மா இருங்க."

அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் சும்மா இருக்கச் சொன்னார். பென்சில் எழுத்து, ரப்பர் பெஞ்சு பெஞ்சாகப் போனது. போன்களையும் அணைக்கச் சொன்னார், ஆட்டத்தை அவை வரைந்திருந்த கோட்டுப்படமும் போயிற்று. பரிதா என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் அழித்தாள்.

கவிதா திரும்பி வந்து தாள்களைப் புரட்டினாள். புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"பாத்தியளா மேடம், ஒரு பிள்ளைகூடத் தப்பில்ல," என்றார் அவர். அவள் நன்றி சொன்னாள்.

இனிமேல் ஜூனில் பள்ளி திறந்தால்தான் அனுமதி. ஆராய்ச்சி அதுவரை நிற்கிறது. வகுப்பில் நடந்ததைப் பஸ்ஸில் நான் சொன்னதும், "பிள்ளைங்க மேல இருக்கற ஆசைல செஞ்சுட்டாருங்க, உட்டுருங்க அம்மாயி," என்றாள். இப்படி விட்டுக்கொடுக்க இவள் யாரிடம் கற்றாளோ, என்னிடமில்லை.

இதுமாதிரி பள்ளிக்குப் போகிறவர்கள் ஷிப்டு நேரத்தில் பல்லடம் பஸ் ஏறாதீர்கள், ஒன்பதரைக்கு மேல் உட்கார இடம் கிடைக்கும். கயிற்றை நீங்களே கட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பென்சில் கொடுக்காதீர்கள், பேனா கொடுங்கள். யார் கூப்பிட்டாலும் வகுப்பை விட்டு வெளியே போகாதீர்கள்.

முகம் திருப்பிய கண்டக்டரை மன்னித்துவிட்டேன், அவருக்கு என்ன பாடோ. நாடா கட்டியதையும் மன்னித்தேன். என் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதில்தான் கட்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பெண் பரிதா சரியாகக் கேட்ட ஒரு கேள்வியை அவள் கையாலேயே அழிக்க வைத்தவர் தங்கராஜ் சார். அவரை மன்னிக்க மாட்டேன்.