பழைய மிஷினில் எடுத்த பொருத்தம்

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட எனக்கு மனசே வராது. திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருந்தேன். தட்டச்சு, ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் ஜாதகம் மூன்றும் உண்டு. அங்கே பழுதாகிப்போன எல்லாவற்றுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தேன். உள்ளே ஒன்றுமில்லாத மானிட்டர் கூட்டில் பிள்ளையார் குடியிருந்தார். படுக்க வைத்த கேபினெட் மேல் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்தார்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து பெயர்த்த காந்தம் எதிர்த்த தையல் கடையில் சிந்திய ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. "நீ வச்சிருக்கிறது கடையா, காயலாங்கடையா?" என்பார் என் வீட்டுக்காரர். ஆறு வருஷமாக வாசலில் நிற்கும் அவருடைய ஓடாத ஸ்கூட்டரைப் பற்றி நான் விசாரிப்பேன். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

என் முதல் கம்ப்யூட்டரை 1993இல் விழுப்புரத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். அந்த மிஷினில்தான் ஜாதகத் தொழிலே ஆரம்பித்தது. பிரிண்டர் ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளைத் தள்ளும். ஜாதகம் எடுக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்று பார்ப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வேன்.

பத்து வருஷம் கழித்துப் புதுக் கம்ப்யூட்டரும் சத்தமில்லாத பிரிண்டரும் வந்தன. பழையதைப் பிரித்தேன். அதன் பவர் பாக்ஸ் பக்கத்து டீக்கடையில் ஒரு கார் ஸ்டீரியோவைப் பாட வைத்தது. மற்றவையெல்லாம் நியூஸ் பேப்பர் சுற்றிப் பரணுக்குப் போயின.

அதற்கும் சில வருஷங்கள் கழித்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம். கிளியனூரிலிருந்து ஒரு விவசாயி தன் பெண்ணோடு வந்தார். இரண்டு நாளைக்கு முன்புதான் அவருக்குப் பொருத்தம் பார்த்துக் கொடுத்திருந்தேன். பத்துக்கு ஏழு. பையன் விழுப்புரத்துக்காரன். அந்தப் பெண்ணே விரும்பியவன், தூரத்து சொந்தம்தான். இப்போது அந்தத் தாளையே என் மேஜை மேல் திருப்பி வைத்தார்.

"எங்க அண்ணன் ஒத்துக்க மாட்டேங்கிறாரும்மா. வழுவழுன்னு கல்யாணப் பத்திரிகையாட்டம் கீது, இது ஜாதகமே இல்லங்கிறாரு. அவரு புள்ளைங்களுக்கு ஓட்டை ஓட்டையா இருக்கிற பேப்பர்ல எடுத்துக் குடுத்தியே, அந்த மிஷின்ல எடுத்துக்கினு வந்தாத்தான் செல்லுமாம்."

"மிஷின் எதுவா இருந்தா என்னங்க? நட்சத்திரமா மாறப்போகுது?" என்று எரிந்து விழுந்தேன். புது மிஷினுக்காக வட்டி கட்டுகிறவள் நான். பழசுதான் உசத்தி என்றால் கோபம் வராதா?

அந்தப் பெண் அப்பாவுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். "அக்கா, பெரியப்பா பார்த்த இடத்திலேருந்து நாளைக்குக் காலையில தட்டோட வர்றாங்கக்கா. இன்னிக்கு உட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

பரணுக்கு ஏணி போட்டேன்.

எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். நல்ல வியாபார நேரம், ஸ்டீரியோ முழங்கிக்கொண்டிருந்தது. பவர் பாக்ஸின் ஒயரைப் பிடுங்கினேன். "இன்னாக்கா, பாட்டுக் கேட்டுக்கினு இருக்கசொல்ல இப்டிப் பண்ற? பேஜாரு புடிச்ச அக்கா!" என்று கடைக்காரர் கத்தினார். ஒரு கல்யாண விஷயம் என்றதும் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

மானிட்டரில் பல்லி முட்டை. பிரிண்டர் ரிப்பன் காய்ந்து சருகாகியிருந்தது. தையல் கடையிலிருந்து மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு வாங்கி அதில் விட்டேன். பவர் பாக்ஸின் இரண்டு பிளக்கையும் கறுப்பு ஒயர்கள் நடுவில் சேருகிற மாதிரி சொருக வேண்டும். மாற்றிச் சொருகினால் போர்டு புகைந்துவிடும். மூன்று முறை சரிபார்த்துவிட்டு, சொருகியதைப் பிடுங்கி நாலாவது முறையும் பார்த்தேன். சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு முறை கீச்சென்றது. பெற்ற பிள்ளை பேசியது போல் குளிர்ந்துபோனேன். தேதி கேட்டது. அவசரத்தில் என்டரைத் தட்டிவிட்டு, ஜாதக பிளாப்பியைப் போட்டேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. புது மிஷின் கணக்குப் போடுவது திருக்கணிதத்தில். இது பழைய வாக்கியப் பஞ்சாங்கம். இரண்டிலும் பாதம் மாறலாம், எல்லையில் இருந்தால் நட்சத்திரமேகூட மாறலாம். 'நட்சத்திரமா மாறப்போகுது' என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வீறாப்பாகக் கேட்டவள் நானேதான். இந்த மிஷின் மூன்று என்றோ நான்கு என்றோ அடித்துவிட்டால்? அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் பிறந்த நேரத்தை அடித்தேன்.

பிரிண்டர் அலறியது. தாள் வரி வரியாக ஏறிவந்தது. டீக்கடைக்காரரும் தையல்காரரும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். கடைசி வரியை நான்தான் முதலில் படித்தேன். பத்துக்கு ஆறு. ஒன்று குறைந்திருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான ரஜ்ஜுப் பொருத்தம் இருந்தது.

"ஆறு போதும்மா. எங்க அண்ணன் புள்ளைக்கே அஞ்சுதான்" என்று தாளைக் கிழித்து வாங்கினார் அவர். முகமெல்லாம் பல். அப்புறம் மேலிருந்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இது இன்னா தேதி?"

எட்டிப் பார்த்தேன். 01-01-1980. பரணில் கிடந்ததில் உள்ளே இருந்த பேட்டரி செத்து, மிஷினின் கடிகாரம் 1980க்கே திரும்பிவிட்டது. தேதி கேட்டபோது நான் பார்க்காமல் என்டரைத் தட்டியிருக்கிறேன். புதுத் தாள் ஆகாது என்ற மனுஷர் இந்தத் தேதியைப் பார்த்தால் என்ன சொல்வார்? அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிந்து கண் கலங்கிவிட்டது.

"பேட்டரி தீர்ந்துபோச்சுங்க. மிஷினுக்கு இன்னிக்கு என்ன நாள்னே தெரியலை. குடுங்க, தேதியைத் திருத்தி வேற எடுத்துத் தர்றேன்" என்று கையை நீட்டினேன்.

அவர் தாளைக் கொடுக்கவில்லை. "நீ கம்முனு இரும்மா" என்றார். "எங்கிட்டயும் டிராக்டர் கீது. பேட்டரி பூட்டா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். எங்க அண்ணனுக்குத் தெரியாது. 'எம்பொண்ணு பொறக்கறதுக்கு நாலு வருசம் முன்னாடியே ஆண்டவன் எழுதி வச்சிட்டாம்பாருண்ணா, இதுக்கு மேல நீ இன்னா பேசப்போற'ன்னு கேக்கப்போறேன்."

நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாத ஆள் என்றுதான் இவரை நினைத்திருந்தேன். மகள் பக்கம் நிற்பது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் கிளியனூரில் பஸ் ஏறியிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. கூட வந்த மகளுக்கே அது தெரிந்திருக்கவில்லை. "அப்பா" என்று அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஐயே, அந்தாண்ட போ, பேப்பரு நனையப்போவுது" என்று அவர் தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.