பங்களாவுக்கு வந்த மாப்பிள்ளைகள்

போன கிழமை விறாந்தையில் சாய்மனைக் கதிரை போட்டு இருந்தேன். வீடு கட்டுகிற மேசன் பாஸ் ஒருவர் வந்து என் தலைக்கு மேலால் டேப்பை இழுத்தார். பின்னால் என் மருமகன்.

"மாமி, கதிரைய கொஞ்சம் ஒதுக்குங்க. அளக்கோணும்."

"என்னத்த மகன் அளக்கீங்க?"

"இந்த விறாந்தைய உடைச்சா மெயின் ரோட்டுக்கு மூணு கடை போடலாம். கல்முனையில இப்ப ஆரு மாமி தூண வெச்சிப் பாத்துக்கிட்டு இரிக்காங்க?"

பாஸ் தூணைத் தட்டிப் பார்த்தார். "பழைய சுண்ணாம்புக் கட்டு உம்மா. லேசில உடையாது."

நான் கதிரையை அசைக்கவில்லை.

இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத உருண்டைத் தூண்கள். கதவுகளுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. மண்டபச் சுவரில் மரச்சட்டம் அடித்த ஒரு சின்ன ஜன்னல் — விறாந்தையில் இருப்பவருக்கு உள்ளே தெரியாது; உள்ளே இருக்கிற எங்களுக்கு எல்லாம் தெரியும், பேச்சும் கேட்கும்! அதற்குள்ளால் பார்த்துத்தான் என்னைக் கட்ட வந்த மாப்பிள்ளைக்கு நான் ஓம் சொன்னேன்.

ஊரில் இதற்குப் பெயர் 'போடியார் பங்களா'. போடியார் யார்? வயல் காணிகள் வைத்திருந்த என் வாப்பா. ஆனால் வீடு... என் உம்மாவுக்குச் சீதனமாகக் கட்டியது. வாப்பா மாப்பிள்ளையாக வந்து குடியிருந்தவர். என் கணவரும் அப்படித்தான். இப்போது மருமகன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. பெயரை மட்டும் ஆண்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறோம் — போகட்டும்!

வாப்பா அந்தச் சின்ன ஜன்னலை அடைக்கப் பார்த்தார். உம்மா விடவில்லை. என் கணவர் கலர்க் கண்ணாடியைக் கழற்றப் பார்த்தார். நான் விட்டேனா? குழப்பக் காலத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த சனம் இந்த விறாந்தையில்தான் பாய் விரித்தது. மூன்று கடைக்குள் யாரைப் படுக்க வைப்பது?

"மகன், நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பன். எண்டாலும் இந்த வளவு உறுதிப் பத்திரத்தில ஆர்ர பேர் இரிக்கெண்டு எனக்குத் தெரியும். உங்கட பொஞ்சாதிட பேர். அவக்கிட்ட கேளுங்க."

சொல்லிவிட்டேன். ஆனால் என் மகள் வாயில்லாப் பூச்சி. ஓம் என்றுவிட்டால்?

சின்ன ஜன்னலுக்குப் பின்னால் வளையல் சத்தம்.

"இஞ்ச பாருங்க... கடை கட்டுறதெண்டா உங்கட உம்மாட ஊட்டுக்கு முன்னால கட்டுங்க."

மருமகனின் முகம் சுருங்கியது. "அது தங்கச்சிக்குக் குடுத்த ஊடுதானே!"

"ஓம். அவ உடைக்க விடுவாவா?"

பாஸ் சிரிப்பை விழுங்கிக்கொண்டு டேப்பைச் சுருட்டினார்.

வாப்பா அந்த ஜன்னலை ஏன் அடைக்கப் பார்த்தார் என்று இப்போதுதான் விளங்குகிறது.